நட்டு உட்காரும் இடம்

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அந்த ஊரில் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கணீரைக் கேட்காமல் வீல் வாங்கியது கிடையாது. கணீர் என்பது அவருடைய பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. கடைக் கூரையிலிருந்து ஒரு கொக்கி தொங்கும். அதில் பழைய இரும்பு வீலை மாட்டிவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "கணீர்னு இருக்கு, எடுத்துக்க" என்பார். விரிசல் விட்ட வீலாக இருந்தால், "டொக்குங்குது, வேணாம்" என்பார். இருபத்தாறு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, ஆளே கணீர் ஆகிப்போனார். கோபம் வந்தால் அவருடைய மனைவிகூட "என்ன கணீரு, சாப்பிட வரீங்களா இல்லையா" என்றுதான் கேட்பாள்.

வாயும் கொஞ்சம் நீளம்தான். ஒருமுறை பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் புது ஜீப்பில் பளபளவென்று அலாய் வீல் மாட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். கணீர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போற செருப்பு சார் இது. நீங்க போறது கல்லுக்காடு. அங்க இது அடி வாங்கினா உடையும். இரும்பு அடி வாங்கினா வளையும், அவ்வளவுதான். வளைஞ்சத நான் தட்டி நிமித்திடுவேன். உடைஞ்சத எவன் ஒட்டுவான்?" என்றார். அந்த மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். நாலு மாதம் கழித்து, உடைந்த வீலை வண்டிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு அவரே திரும்பி வந்தார். அன்று முழுவதும் கணீர் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருந்தார் என்று மனைவி சொன்னாள்.

வீலைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான், மாட்டுவது மீதிப் பாதி என்பார். அதில் அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. வீலுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், நட்டு உட்காரும் குழிகளிலும், வண்டியோடு ஒட்டி உட்காரும் முகத்திலும் கிரீஸ் தடவிவிடுவார். கிரீஸ் இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. துடைத்தால் அந்த இடம் வெறும் இரும்பாக இருக்கும். "நட்டும் வீலும் நேரா பேசிக்கட்டும். நடுவுல பெயிண்ட் எதுக்குத் தரகு வேலை பாக்கணும்? வண்டி குலுங்கக் குலுங்க அது நசுங்கி வெளிய வந்துடும். அப்புறம் நட்டு லூசு" என்பார். இரண்டாவது சட்டம், வீல் மாட்டிய மூன்றாம் நாள் வண்டி திரும்பவும் கடைக்கு வந்தாக வேண்டும். அவர் கையால் எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்குவார். "மூணாம் நாள் வரலைன்னா அப்புறம் என் கடை வாசல மிதிக்காத" என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார்.

இவ்வளவு தெரிந்த மனுஷன்தான் அதைச் செய்தார். தெரியாதவன் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருக்கு ஒரே தங்கை. பதினோரு வயது இளையவள். அவளுடைய வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் மற்றவர்களுடைய வண்டியை ஓட்டிவிட்டு, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மலைமேல் இருக்கும் கல்குவாரிக்குத் தினமும் காலையில் ஆட்களை ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிவிட வேண்டும். அதிகம் பேசாத ஆள். பேசினாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்.

ஜீப்பில் இருந்த வீல்களைக் கணீர் தட்டிப் பார்த்தார். மாற்று வீலான ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தில் மூன்று டொக்கு. மற்ற இரண்டும் துருவேறி, விளிம்பு காகிதம் மாதிரி இருந்தது.

"இதுலயா மலைக்கு ஆள் ஏத்தப் போறீங்க மாப்ள?"

"ஒருத்தர்கிட்ட அலாய் செட் ஒண்ணு இருக்கு மச்சான். பாக்க நல்லா..."

"பாக்குறதுக்கா வண்டி வாங்குனீங்க? பேசாம இருங்க, நான் பாத்துக்கிறேன்."

அந்த மாதம் அவர் தன் கடை வேலையைவிட அந்த ஐந்து வீலுக்காக அலைந்ததுதான் அதிகம். மூன்று பழைய இரும்புக் கிடங்குகளில் ஏறி இறங்கினார். பதினேழு வீலைத் தொங்கவிட்டுத் தட்டினார். நடுத் தகட்டின் கனத்தை அளந்தார். வெல்டு சுற்றிலும் அறுபடாமல் ஓடியிருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். யாரோ விரிசலுக்கு மேல் வெல்டு வைத்து, தேய்த்து, கறுப்பு அடித்து மறைத்திருந்த ஒரு வீலைக் காட்டி, கிடங்குக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில் ஐந்து கிடைத்தது. கனமான, பழைய காலத்து இரும்பு. ஐந்தும் ஒரே மாதிரி கணீர் என்றது. தங்கைக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார். அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும், "நல்லாருக்கு அண்ணே" என்றாள்.

மறுநாள் கடைக்கு வந்தவள் வீல்களைப் பார்த்துவிட்டு, "வெள்ளையா அடிச்சுக் குடுங்க அண்ணே. பழசு மாதிரி துரு வடிஞ்சு அசிங்கமா இருக்கக் கூடாது. எங்க வண்டி வருதுன்னு தூரத்துலயே தெரியணும்" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். கணீர் இரண்டு கோட்டு அடிக்கிற இடத்தில் மூன்று கோட்டு அடித்தார். பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் வழக்கம்போல் கை கிரீஸ் டப்பாவுக்குத்தான் போனது. போன கை நின்றது. கிரீஸ் வைத்தால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வெறும் இரும்பு வளையம் தெரியும். மழையில் முதலில் அங்கேதான் துரு பிடிக்கும், அந்த வெள்ளையில் பழுப்பாக வடியும், தங்கை முகம் சுருங்கும். மூன்றாம் நாள் இறுக்கப்போவது நான்தானே, நசுங்குவது நசுங்கட்டும், சேர்த்து இறுக்கிவிட்டால் போயிற்று என்று நினைத்தார். குழிகளுக்குள்ளும் தூரிகை போனது. முகத்திலும் போனது. வெண்ணெய் தடவினது மாதிரி வழவழவென்று ஐந்து வீலும் காய்ந்தன. மாட்டி முடித்ததும் தங்கை ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவருக்கும்தான்.

மூன்றாம் நாள் மதியம் மாப்பிள்ளை வண்டியோடு வந்தார். சொன்ன சொல் தவறாத ஆள். கடை வாசலில் அப்போது நாலு வண்டி நின்றது. ஒரு லாரிக்காரர் அவசரம் அவசரம் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"மச்சான், நட்டு..."

"பாக்குறீங்கல்ல மாப்ள, மூச்சு விட நேரமில்ல. நம்ம வீட்டு வண்டிதானே, நாளைக்குச் சாயங்காலம் வாங்க. மொத ஆளா பாத்துடுறேன்."

வேறு யாராவது இருந்திருந்தால், "நீங்கதானே மூணாம் நாள்னு சொன்னீங்க" என்று சண்டைக்கு நின்றிருப்பான். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வெறும் இரும்பில் இறுக்கிய நட்டு ஒரு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். பெயிண்ட்மேல் இறுக்கிய நட்டு பொறுக்காது. இது கணீருக்குத் தெரியும். லாரிக்காரருடைய அவசரத்தில் அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு, மூன்றாவது வளைவில், முன்பக்க இடது வீல் கழன்று போனது. ஜீப் சாய்ந்து, ஓடையில் இரண்டு முறை புரண்டது. ஏறியிருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குக் கை, கால், விலா என்று முறிந்தது. குவாரியில் லாரிகளுக்கு எடைச்சீட்டு எழுதுகிற அம்மா அந்த இடத்திலேயே இறந்துபோனாள். எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் குடையை வைத்துக்கொண்டு வருகிறவள். குடை மட்டும் நசுங்காமல் கிடைத்தது. ஓட்டிய மாப்பிள்ளைக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. அதையே ஊர் அவர்மேல் குற்றமாகச் சொன்னது.

கழன்ற வீல் ஐம்பது அடி கீழே, ஒரு பாறையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. டயரில் காற்றுகூட இறங்கவில்லை.

விசாரணைக்கு வந்த வாகன ஆய்வாளர் கணீரைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஓட்டுனவர் உங்க தங்கச்சி வீட்டுக்காரர்னு தெரியும். ஆனா வீல் விஷயத்துல நீங்க பெத்த அப்பனுக்காகவும் பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நாலு வீலையும் கழட்டி எடுத்துட்டுப் போய், சேறெல்லாம் சுத்தம் பண்ணி வைங்க. விரிசல் இருக்கான்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மற்ற மூன்று வீலையும் கழற்ற கணீர் ஸ்பானரைப் போட்டார். முழுப் பலத்தையும் போட்டு இழுக்க வேண்டிய நட்டு, தொட்டதும் சுழன்றது. ஒன்றல்ல, எல்லாமே. கடைக்குக் கொண்டுவந்து சேற்றைக் கழுவினார். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வெள்ளைப் பெயிண்ட் நசுங்கிப் பிதுங்கி, செதில் செதிலாக நின்றது. கழன்ற வீலில் ஐந்து குழியும் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன. ஓரங்களில் மட்டும் வெள்ளை மிச்சமிருந்தது. படிக்கத் தெரியாதவன்கூட அதைப் படித்திருப்பான்.

எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். நல்ல மத்தியானம், தெருவில் வண்டிச் சத்தம். கம்பி பிரஷ்ஷை மெஷினில் மாட்டி, நாலு வீலின் குழிகளையும் முகத்தையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டினார். ஏன் செய்தார் என்று அவரைப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பயம்தான், வேறொன்றும் இல்லை. இருபத்தாறு வருஷத்துப் பேர். கொலைகாரன் என்று அந்த அம்மாவின் பிள்ளைகள் கை நீட்டுவார்களே என்ற பயம். டீ கொண்டுவந்த மனைவி ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"எதுக்குங்க கதவ இறக்கி வச்சிருக்கீங்க?"

"தூசி" என்றார்.

தூசி பறப்பது என்னவோ உண்மைதான். வெள்ளைத் தூசி. அவருடைய புருவத்தில்கூட அப்பியிருந்தது.

மறுநாள் ஆய்வாளர் முன்னால், போலீஸ்காரர்கள் முன்னால், இறந்த அம்மாவின் வீட்டுக்காரர் முன்னால், கழன்ற அந்த வீலைக் கடைக் கொக்கியில் மாட்டித் தட்டினார். கணீர் என்றது. நல்ல நீளமான சத்தம். அடங்குவதற்குள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விரிசல் இல்லையே?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"இல்ல சார்."

"வீல் நல்ல வீலா?" என்றார் இறந்தவளின் வீட்டுக்காரர்.

"நல்ல வீலு."

சொன்னது ஒன்றும் பொய் இல்லை. அதுதான் கொடுமை. ஆய்வாளர் எழுதிக்கொண்டே மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "புது வீல் மாட்டினா நட்டத் திரும்ப இறுக்கணும்னு தெரியாதா? இறுக்கினீங்களா?"

மாப்பிள்ளை கீழே பார்த்தபடி நின்றார். மூன்றாம் நாளே வந்தேன், மச்சான்தான் நாளைக்கு வரச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்ல சார். என் தப்புதான்."

கணீர் கை எட்டும் தூரத்தில்தான் நின்றார். இருபத்தாறு வருஷம் ஓயாத வாய் அன்றைக்கு அடைத்துப்போயிற்று.

கவனக்குறைவாக ஓட்டி உயிர்ச்சேதம் செய்ததாக மாப்பிள்ளைமேல் வழக்குப் பதிவானது. வழக்கு நடந்த அந்தச் சில மாதங்களில் கணீருக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை வந்து உட்கார்ந்துகொண்டு, "அவர் தூங்குறதே இல்ல அண்ணே. வளைவுல நான் ஸ்டியரிங் ஒடிச்சது ஜாஸ்தியோ, வேகமா போயிட்டனோன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அந்தம்மா வீட்டு வாசல்ல போய் நின்னுட்டு, கதவத் தட்டாமலே திரும்பி வராரு" என்றாள். இவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தார். அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள், "அன்னைக்கே ஷட்டரத் தூக்கி விட்டிருக்கணும் நான்" என்று மட்டும் சொன்னாள்.

தீர்ப்புக்கு முந்தின வாய்தாவில் கணீர் நீதிமன்றத்துக்குப் போனார். கையில் ஐந்தாவது வீல், ஸ்டெப்னி. விபத்து நாளில் ஜீப்பின் பின்னால் மாட்டியிருந்தது, போலீஸார் அதை வேண்டாம் என்று தங்கையிடமே கொடுத்துவிட்டிருந்தார்கள். அதில் மட்டும் மூன்று கோட்டும் அப்படியே இருந்தது. கூண்டில் ஏறி, கிரீஸ் வைக்காததிலிருந்து ஷட்டர் இறக்கியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அரசு வக்கீல் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு அவசரமே இல்லை.

"குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

"அன்னைக்கு வீல் நல்லாருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"நல்லாத்தான் இருக்கு. பெயிண்ட்தான்..."

"கோர்ட்ல இருக்கிற நாலு வீல்லயும் நட்டு உட்கார்ற இடத்துல பெயிண்டே இல்லையே."

"நான்தான் சுரண்டினேன்."

"இந்த அஞ்சாவது வீலுக்கு நீங்க பெயிண்ட் அடிச்சது அப்பவா, போன வாரமான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கணீர் கையிலிருந்த வீலைப் பார்த்தார். அந்த வீலை இங்கேயே தொங்கவிட்டுத் தட்டிக் காட்டினாலும் அது கணீர் என்றுதான் சொல்லும், வேறு எதையும் சொல்லாது. மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, "நான் வந்தேன், நீங்க நாளைக்கு வரச் சொன்னீங்கன்னு சொல்லுங்க மாப்ள" என்று கெஞ்சினார். மாப்பிள்ளை குற்றவாளிக் கூண்டிலிருந்து மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. நீதிபதி நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க பாசம் புரியுது. அதனால பொய்ச்சாட்சி சொன்னதா உங்கமேல நடவடிக்கை எடுக்க விரும்பல. இறங்குங்க" என்றார். வாழ்க்கையில் கணீர் சொன்ன எதையும் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. இதை ஒருமுறைகூட யாரும் நம்பவில்லை.

வெளியே வராந்தாவில் தங்கை அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கறுத்துப்போன கைகள். அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்களுக்காக இப்படி ஒரு பழியத் தூக்கித் தலையில போட்டுக்கத் துணிஞ்சீங்களே அண்ணே. சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்" என்று அழுதாள்.

"நான் சொன்னது நெஜம்மா. நெஜம்."

"சரி அண்ணே, சரி" என்றாள், காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தையைத் தேற்றுகிற மாதிரி.

இரண்டு வருஷம் என்று தீர்ப்பானது. லைசென்ஸும் போனது.

கணீருடைய பேர் கெட்டதா என்றால், அதுவும் இல்லை. உறவுக்காகத் தலையைக் கொடுக்கப் பார்த்த மனுஷன் என்று முன்னைவிட அதிகமாகவே ஆட்கள் வந்தார்கள். அந்த லாரிக்காரரும் வந்தார். கணீர் இப்போதெல்லாம் வீலைத் தட்டுவது இல்லை. கொக்கியைக் கழற்றிவிட்டார். வீல் வாங்க வருகிறவர்களைக் குனிய வைத்து, நட்டு உட்காரும் குழியைக் காட்டி, "வெறும் இரும்பா இருக்கா? விரல விட்டுப் பாருங்க, நான் சொல்றத நம்பாதீங்க" என்கிறார். அவர்களும் அவர் மனசு நோகக் கூடாதே என்று விரலை விட்டுப் பார்க்கிறார்கள். இறந்தவளின் வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னார். அவர் வாசலில் நின்றபடியே முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாம் முடிஞ்சு போச்சு. நீங்க வேற உங்களப் போட்டு வருத்திக்காதீங்க" என்று உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மாதம் ஒருமுறை தங்கையோடு சிறைக்குப் போகிறார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை நன்றாக இளைத்துவிட்டார். ஆனால் பேச்சு கூடியிருக்கிறது. போன தடவை வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தாமலே பேசினார்.

"வெளிய வந்ததும் இன்னொரு ஜீப் பாக்கணும் மச்சான். கோர்ட்ல அந்த வீலையெல்லாம் திருப்பித் தருவாங்களாம். அதையேதான் மாட்டணும். அலைஞ்சு திரிஞ்சு நீங்க பாத்து எடுத்ததாச்சே. இந்தத் தடவ மூணாம் நாள் வந்து உங்க கடை வாசல்லயே உக்காந்துக்குவேன். அந்த வீல் நல்ல வீல்தானே மச்சான்?"

பக்கத்தில் தங்கை நின்றாள். காவலர் நேரமாகிவிட்டது என்று தடியால் மேஜையைத் தட்டினார்.

"நல்ல வீல்தான் மாப்ள" என்றார் கணீர்.